வளையத்துக்கு உள்ளே ஆறு பைகள்

சர்வேயர் தன் பைகளை என் மேசைமேல் அடுக்கிய விதத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு மண் கொண்டு வருகிறவர்கள் அதைப் பிஸ்கட் டப்பாவிலும் பழைய மாவுப் பையிலும் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதில் அள்ளிக்கொண்டு வந்தார். எங்கே எடுத்தது என்று கேட்டால் "நம்ம நிலத்துலதான்" என்பார்கள். இவர் கொண்டுவந்தவை பன்னிரண்டு பைகள். எல்லாம் இரட்டைப் பிளாஸ்டிக், வாய் மடித்து ஒட்டியவை. ஒவ்வொன்றின் மேலும் எண், தேதி, நேரம், எத்தனை அங்குல ஆழம், நடுப்புள்ளியிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை. அச்சடித்தாற்போன்ற கையெழுத்து. ஆறு பைகளில் 'வளையத்துக்கு உள்ளே' என்றும் ஆறு பைகளில் 'வளையத்துக்கு வெளியே' என்றும் எழுதியிருந்தது.

"என்ன வளையம்?" என்று கேட்டேன்.

"அத இப்பவே சொன்னா நீங்க பைய வாங்க மாட்டீங்க மேடம். மொதல்ல பதிவு பண்ணி நம்பர் போட்டுடுங்க. அப்புறம் சொல்றேன்."

போட்டேன். நம்பர் விழுந்த பிறகு சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், அவரும் மனைவியும் மச்சினி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். செங்கல் கொட்டகைகள் முடிந்து வெறும் நிலம் தொடங்குகிற வளைவில் வண்டி தானாக நின்றுவிட்டது. இடது கைப்பக்கம், புல்லுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், ஒரு பஸ் அளவுக்கு வெள்ளை வெளிச்சம் நின்றது. சத்தமே இல்லை. புல் முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்தது. பிறகு அது இல்லை. இரண்டு நிமிடம் இருக்கும் என்று நினைத்தாராம். கடிகாரத்தைப் பார்த்தால் பத்தொன்பது நிமிடம் போயிருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது புல் வட்டமாகக் கருகி, அடியில் மண் சுட்டதுபோல் இறுகிக் கிடந்ததாம். இதையெல்லாம் அளவுப் புத்தகத்திலிருந்து வாசிப்பவர்போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

"நான் அளவு தெரிஞ்சவன் மேடம். கண்ணால பாத்து முப்பது மீட்டர்னு சொன்னா முப்பத்தொண்ணு இருக்காது. அது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுல எனக்கு வெக்கமில்ல."

எனக்கு இது முதல் முறையல்ல. வருஷத்துக்கு ஒருவராவது வானத்திலிருந்து விழுந்தது என்று ஏதாவது கொண்டுவருவார்கள். முக்கால்வாசி உலைக் கசடாக இருக்கும். புல்லில் வட்டம் விழுவதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொன்னேன். மண்ணுக்கடியில் படரும் பூஞ்சை வட்டமாகத்தான் புல்லைக் கொல்லும். மின்னல் விழுந்திருக்கலாம். வைக்கோலை யாராவது எரித்திருக்கலாம். எண்ணெய் கொட்டியிருக்கலாம். அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து வரிசையாக எழுதிக்கொண்டார்.

"இதுல எதுன்னு பாத்துச் சொல்லுங்க. எதுவுமே இல்லன்னாலும் சரி. எல்லாத்தையும் பாருங்க. எனக்கு இன்னது வரணும்னு நான் கேக்க மாட்டேன்."

கதவுவரை போனவர் திரும்பி நின்றார். "அன்னைலேர்ந்து என் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவுத்தாளில் அதை எழுதுவதற்கான கட்டம் எதுவும் இல்லை.

கூடத்தில் எனக்குப் புள்ளியக்கா என்று பெயர். தசமப் புள்ளிக்குப் பிறகு ஓர் எண் குறைந்தாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்பதால் யாரோ வைத்தது. பிறகு எல்லோரும், காவலாளிகூட, அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் நான் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இருபத்து மூன்று வருஷங்களில் என் கையெழுத்துப் போட்டு வெளியே போன எந்தத் தாளும் திரும்பி வந்ததில்லை.

மண்ணை எக்ஸ்ரே கருவியில் வைப்பதற்குமுன் முகப்பவுடர் மாதிரி நைசாக அரைக்க வேண்டும். அரைப்பதற்கு எங்களிடம் இரண்டு வகைக் குடுவைகள் இருந்தன. ஒன்று அகேட் கல்லில் செய்தது, பால் நிறத்தில் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், எதோடும் கலக்காது. அதில் பெரியது விரிசல் விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது, புதிதுக்கு எழுதிப் போட்டு அதுவும் ஆறு மாதம். கையால் அரைக்கிற சின்ன உரல் மட்டும் மிச்சமிருந்தது. இன்னொன்று டங்ஸ்டனில் செய்த கனத்த சாம்பல் நிறக் குடுவை. ஓடு, சிமெண்ட், பாறை எதைப் போட்டாலும் நான்கு நிமிடத்தில் மாவாக்கிவிடும்.

வெளிவட்டத்து மண் ஆறும் பொலபொலவென்று இருந்தன. உரலில் பத்துப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. உள்வட்டத்து மண் செங்கல்போல் கட்டிகட்டியாக இருந்தது. குழவி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் அந்த ஆறையும் சாம்பல் நிறக் குடுவையில் போட்டு மூடியை முறுக்கினேன். அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நினைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் எண்கள் வந்தன. சாதாரண மண்ணில் இருக்கிற எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. கடைசி இரண்டு வரிகளைத் தவிர. டங்ஸ்டன், உள்ளே பத்து லட்சத்தில் முந்நூற்று நாற்பது பங்கு. வெளியே கருவியின் கண்ணுக்கே படவில்லை. கோபால்ட், உள்ளே முப்பத்தெட்டு, வெளியே ஒன்பது. ஆறு பைகளிலும் அப்படியே. வட்டத்தின் கோட்டைக் கத்தியால் வெட்டினாற்போல எண்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் உலைக் கசடும் ஆணித்துருவுமே பார்த்தவள். அதே தூளை மறுபடி மறுபடி வைத்து ஓட்டினேன். மூன்று முறையும் அதே எண்கள் வந்தன. அதே தூளை வைத்தால் வேறென்ன வரும்? அது அப்போது உறைக்கவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன் என்கிற நிம்மதிதான் வந்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "ஏதாவது பட்டறைக் கழிவா இருக்கும்மா," என்றார். நான் அறிக்கையின் அடியில் 'வேறுபாட்டுக்கான காரணம் கண்டறியப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சர்வேயர் தாளை வாங்கி, நின்றுகொண்டே வரிக்கு வரி விரலை ஓட்டி வாசித்தார். கடைசி இரண்டு வரியில் விரல் நின்றது. ஜெயித்த முகத்தோடு நிமிர்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அப்ப அவ உடம்புல இதுதான் போயிருக்கு."

"மண்ணுல இருக்கறது வேற, உடம்புல இருக்கறது வேற சார். இந்த அளவுல மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது," என்றேன். அது உண்மைதான். மரியாதைக்காக ஆறுதல் சொல்கிறவர்களுக்குத் தலையாட்டுவதுபோல எனக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏழு வாரம் கழித்து ஓடு தயாரிக்கிற கம்பெனி ஒன்றிலிருந்து உடைந்த ஓடுகள் வந்தன. சாம்பல் நிறக் குடுவையில் அரைத்து வைத்தேன். அவர்களுக்கு இரும்பும் சுண்ணாம்பும் மட்டும்தான் வேண்டும். கருவி தன் பழக்கத்தில் எல்லாவற்றையும் அச்சடித்தது. தாளைக் கிழித்துக் கோப்பில் வைக்கப்போனபோது கீழே இருந்த எண்கள் கண்ணில் பட்டன. டங்ஸ்டன் முந்நூற்று இருபத்தெட்டு. கோபால்ட் முப்பத்தாறு.

ஓட்டுக்கும் அந்த நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த கணமே திரும்பிப் பார்த்தேன். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது இந்த அறையில், அலமாரியின் இரண்டாம் தட்டில், துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டங்ஸ்டனைக் கோபால்ட்டால் ஒட்டிச் செய்த அந்த உலோகக் குடுவை, தான் அரைப்பதில் தன்னையும் கொஞ்சம் உதிர்க்கும். படிக்கிற காலத்தில் முதல் மாதமே சொல்லித்தருவது இது. யாரும் டங்ஸ்டனைப் பற்றிக் கேட்காததால் இத்தனை வருஷம் அது தேவைப்படவில்லை. தினசரிப் பதிவேட்டைப் பிரித்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது. ஒன்று முதல் ஆறு, கட்டி, உலோகக் குடுவை. ஏழு முதல் பன்னிரண்டு, உரல். சுத்தமான வெள்ளை மணலை எடுத்து உலோகக் குடுவையில் போட்டு அரைத்தேன். உலகத்தில் எந்த வெளிச்சமும் படாத மணல். டங்ஸ்டன் முந்நூற்று முப்பத்தொன்று.

மேலாளரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முழுவதும் கேட்டார்.

"யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ரெண்டு வாரத்துல நம்ம கூடத்த ஆய்வு பண்ண வர்றாங்க. இப்பப் போய் நாம குடுத்த ரிப்போர்ட் தப்புன்னு இன்னொண்ணு குடுத்தா, மத்தத எவன் நம்புவான்? அந்தாளு வானத்துல பஸ் பாத்தவரு. அவருக்கு டங்ஸ்டன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

பைகளில் மிச்சமிருந்த உள்வட்டத்துக் கட்டிகளை எடுத்து அகேட் உரலில் கையால் அரைத்தேன். ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. மூன்று நாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. உள்ளே ஆறும் வெளியே ஆறும் ஒரே மண்ணாக வந்தன. புதுத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை மேலாளரின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் தரவில்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "போய்ச் சொல்லிட்டு வந்துடு. தப்பா ஒரு போல்ட்ட மாட்டிட்டு, அது தெரிஞ்சும் வீட்ல உக்காந்திருந்தா எங்க ஆளுங்களுக்குச் சோறு எறங்காது," என்றார். பிறகு, இன்னொரு காலுக்குக் கட்டும்போது, "ஆனா அதுக்குள்ள எத்தன பேரு அந்த லிஃப்ட்ல ஏறிட்டாங்கன்னு தெரியாது," என்றார்.

பதிவுத்தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். யாரென்று சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்கதான் அந்த ரிப்போர்ட் குடுத்தவங்களா? நானே உங்களத் தேடிட்டு இருக்கேன். எங்க இருக்கீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

சர்வேயரின் மச்சினி அவள், அக்காவைப் பார்க்க வந்திருந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தாள். கூரையில் பெரிய சிவப்பு எழுத்துப் பலகை வைத்த காரில் வந்தாள். என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. குளிர்ந்து மப்பாக இருந்த காலை. ஊரைத் தாண்டியதும் பேச ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவேயில்லை.

"அக்காவுக்கு ரத்தத்துல தட்டணு கொறஞ்சிட்டே போகுது. எலும்புக்குள்ளயே உற்பத்தி நின்னுபோச்சுன்னாங்க. ஊசி போட்டா தேறிடும், உடனே ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு ஊசி போட்டாச்சு. அப்பத்தான் உங்க ரிப்போர்ட் வந்துச்சு. மாமா அத எடுத்து, இந்த மாதிரி வெளிச்சம் பாத்தவங்களோட போன் குரூப்புல போட்டாரு. அதுல ஒருத்தர், டாக்டர்னு சொல்லிக்கறாரு, எந்த ஊர்க்காரரோ. கோபால்ட்டு எலும்புலதான் போய் உக்காரும், இந்த ஊசி அத உள்ளயே வச்சுப் பூட்டிடும்னு எழுதினாரு. மறுநாளே மாமா கையெழுத்துப் போட்டு அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. ஏழு வாரம் ஆச்சு."

"உங்க அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"அவ எதத்தான் சொல்லியிருக்கா," என்றாள் கியரை மாற்றிக்கொண்டே. "மாமா கெட்டவரு இல்லங்க. அதான் கஷ்டம். கெட்டவரா இருந்தா நான் எப்பவோ கதவ ஒடச்சிருப்பேன்."

உடைப்பதற்கு அந்த வீட்டில் கதவு இல்லை. வாசல் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஜன்னல் கம்பிகள் அறுக்கப்பட்டு அந்த இடத்தில் நைலான் வலை. கூடத்தில் கட்டில் இருந்ததற்கு அடையாளமாகத் தரையில் நான்கு வெளிறிய சதுரங்கள். சமையலறையில் பிளாஸ்டிக் குடங்களும் மண்சட்டிகளும் இருந்தன, ஒரு கரண்டிகூட இல்லை. வீட்டில் உலோகம் இருக்கக் கூடாது என்று அந்த டாக்டர் சொன்னாராம். சர்வேயர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த ஆணிகளைக்கூடப் பிடுங்கி, ஓட்டைகளை ஒரே சீராகப் பூசியிருந்தார். சுவரில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். என் கையெழுத்துப் போட்ட தாள், பிளாஸ்டிக் உறையில், நான்கு மூலையிலும் பசை நாடா ஒட்டி.

அவர் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் பாயைத் தட்டி விரித்து, "உக்காருங்க மேடம், நாற்காலி எல்லாம் வெளிய போட்டாச்சு," என்றார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கழற்றி மச்சினியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

புதுத் தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். குடுவையை, உரலை, வெள்ளை மணலை, எல்லாவற்றையும். அவர் சுவரிலிருந்து பழைய தாளைப் பிரித்தெடுத்து இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் கேள்விகள் கேட்டார், எல்லாம் சரியான கேள்விகள். எத்தனை நிமிடம் அரைத்தீர்கள், குடுவை எத்தனை வருஷப் பழசு, மணலை எத்தனை முறை ஓட்டினீர்கள். எங்கள் ஆய்வுக்கு வருகிறவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை.

"அப்ப ஜாடிதான்," என்றார்.

"ஜாடிதான் சார்."

"மொத தடவ இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். யோசிக்கல."

"இப்ப யோசிச்சிருக்கீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இதுல முத்திரை இல்லையே," என்றார், புதுத் தாளைத் திருப்பிப் பார்த்து.

"மேலாளர் போட மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"வெளிய தெரிஞ்சா கூடத்துக்குக் கெட்ட பேருன்னு..."

சொல்லும்போதே என் வார்த்தைகள் அவர் காதில் எப்படி விழுகின்றன என்று எனக்குக் கேட்டது. மேலே யாரோ தடுத்தார்கள், இருந்ததை இல்லை என்று மாற்றினார்கள், முத்திரை இல்லாத தாளோடு ஒருத்தியை அனுப்பினார்கள். நான் சொன்ன ஒவ்வோர் உண்மையும் அந்தக் கதையில் கச்சிதமாகப் போய்ப் பொருந்தியது. அவர் முகத்தில் என்மேல் ஓர் இரக்கம் தெரிந்தது. "உங்க நெலம எனக்குப் புரியுது மேடம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போன் பேச வெளியே மரத்தடிக்குப் போனார். போனிலும் உலோகம் இருக்கிறதே, அதனால் அது வெளியேதான் இருந்தது.

மச்சினி உள்ளறையைக் கைகாட்டினாள். தரையில் விரித்த மெத்தையில் அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நாவல்பழ நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. எங்கள் பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறாள். கதவில்லாத வீட்டில் எதுவும் கேட்காமல் இருக்காது.

"உங்க மேல தப்பு இல்லங்க," என்றாள். குரல் அடைத்திருந்தது. "கிட்ட வாங்க. தங்கச்சிக்குக்கூட இது தெரியாது. அந்த வெளிச்சத்துக்குப் பத்து நாள் முன்னாடியே எனக்கு இது வர ஆரம்பிச்சிடுச்சு. பல்லு வெளக்கும்போது ரத்தம். தொடையில கன்னிப்போன திட்டு. தனியாப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்தேன். அன்னைக்கு ஸ்கூட்டர்ல வரும்போது அத எப்படி அவர்கிட்ட சொல்றதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"எங்க அம்மா இதே மாதிரிதான் போனாங்க. குடும்பத்துல இருக்குன்னு சொன்னா அவரு ஒடஞ்சிடுவாரு. அது வானத்துல இருந்து வந்ததுன்னா அவரால தாங்க முடியுது. அளக்கறாரு, எழுதறாரு, நாலு பேருகிட்ட பேசறாரு. ஏதோ வேல நடக்கற மாதிரி இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொதல்ல அவருக்காக விட்டேன். அப்புறம் நானும் பாதி நம்பிட்டேன்னு வைங்க. உங்க பேப்பர் வந்தப்ப எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு."

"அந்த வெளிச்சத்த நீங்களும் பாத்தீங்களா?"

"அத மட்டும் கேக்காதீங்க," என்றாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் பிடிக்கப் போனதைக் கையால் தடுத்தாள். நிலைப்படிவரை தானே நடந்து, அங்கே நின்று, மரத்தடியில் போனோடு இருந்தவரைப் பார்த்துச் சொன்னாள். முன்னால் எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுபோல, ஒரே மூச்சில், பத்து நாள் கணக்கையும் ரத்தம் கொடுத்த இடத்தையும் தேதியையும் சொன்னாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். தங்கச்சி கூட்டிட்டுப் போவா. நீங்க வர்றதுன்னா வாங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். அதில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒரு நீளக் கணக்கின் முதல் எண்ணே தவறு என்று யாரோ காட்டினால் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏழு வாரத்துக்குப் பிறகு அலமாரி முன்னால் நின்றபோது என் முகம் அப்படித்தான் ஆகியிருக்கும். "தேதி என்ன சொன்ன?" என்று கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அவர் நோட்டை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து காரின் பின்கதவைத் திறந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தார். முந்தானை கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டார்.

கார் கிளம்பிச் செங்கல் கொட்டகைகளைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார். "ரெண்டு நிமிஷம் நிறுத்தும்மா."

"மாமா, வேண்டாம்."

"ரெண்டே நிமிஷம். அப்புறம் நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன். எத்தன ஊசி போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இவங்க அந்த எடத்த ஒரு தடவ பாக்கணும். மண்ணு அங்க வந்துச்சு, இவங்க இங்க வரவே இல்ல."

அது உண்மையாக இருந்தது. அந்த நிலத்தைப் பற்றி இரண்டு அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவள், அதை நான் பார்த்ததே இல்லை. மச்சினி சாலையோரம் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், கைப்பிரேக்கைப் போட்டாள். பின்னால் அவள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள்.

முழங்கால் உயரப் புல்லில் அவர் பின்னாலேயே நடந்தேன். கருகிய இடம் முதலில் தெரிந்தது. அதற்குள் வெள்ளையடித்த மரமுளைகள் வட்டமாக நின்றன. முப்பத்தாறு முளைகள், பத்துப் பத்து டிகிரிக்கு ஒன்று. அவர் நடை மெதுவாகி நின்றது. நானும் நின்றேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பது எதை என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"முளை எல்லாம் ஓரத்துல அடிச்சது," என்றார். "கருகினது எங்க முடியுதோ அங்க. நான்தான் அடிச்சேன்."

இப்போது முளைகளுக்கு வெளியேயும் புல் செத்திருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக. அவர் ஒரு முளையிலிருந்து பச்சைப் புல்வரைக்கும் காலால் எட்டி வைத்து அளந்தார். நான்கு எட்டு. அடுத்த முளைக்குப் போய் அளந்தார். நான்கு எட்டு. மூன்று வாரமாக, மனைவிக்கு ரொம்ப முடியாமல் போனதிலிருந்து, இந்தப் பக்கமே வரவில்லை என்றார். என் பக்கம் திரும்பியபோது, பாத்தீங்களா என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன். அவர் உதடு வெளுத்திருந்தது. இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். ஏதாவது ஒன்றை, பூஞ்சை என்றோ எண்ணெய் என்றோ நான் சொன்னால் போதும், அப்படியே நம்பிவிடத் தயாராக இருந்தார்.

பூஞ்சை வட்டம் பரவும். வருஷத்துக்கு ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. எனக்குத் தெரிந்த எதுவும் மூன்று வாரத்தில் நான்கு எட்டு நகராது. நான் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அங்கே புல்லின் ஒவ்வோர் இதழும் பாதி பச்சையாகவும் பாதி கருகியும் இருந்தது. விரலை மண்ணில் நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. செங்கல்போல் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி ஒரு கட்டியைப் பெயர்த்தேன். உரலில் இரண்டு மணி நேரம், உலோகத்தில் ஒருக்காலும் கூடாது, பச்சைப் பக்கத்திலும் ஒரு பிடி எடுக்க வேண்டும், முளைக்கு உள்ளே ஒரு பிடி, எட்டுக்கு எட்டு ஒரு பிடி. என்னையறியாமல் என் கை அடுத்த கட்டியை நெம்பிக்கொண்டிருந்தது.

சாலையில் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறை நீளமாக அடித்து நின்றது.

திரும்பிப் பார்த்தேன். சாலையோரத்தில் கார் அதிர்ந்துகொண்டு நின்றது. பின்சீட்டுக் கண்ணாடியில் அவள் முகம் சாய்ந்திருந்த இடத்தில், குளிருக்கு, மூச்சு பட்டு ஒரு வெள்ளைத் திட்டு படர்ந்தது. மெல்லச் சுருங்கி மறைந்தது. மறுபடி படர்ந்தது. முதலில் இருந்ததைவிடச் சிறியது. அது ஓரங்களிலிருந்து கரைந்து, கண்ணாடி முழுக்கத் தெளிந்து, அவள் கன்னம் தெரிந்தது. கையில் மண்கட்டியோடு நான் அடுத்ததற்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.